விழுந்தவர் எங்கே போகிறார்?

‘கைதி’யின் கடைசிச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? கமிஷனர் அலுவலகத்துக்குள் புகும் அடியாட்கள், எதிரே ஒரு பெரிய இயந்திரத் துப்பாக்கி, அதன் பின்னால் டில்லி. வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்கிறார்கள். 2019 தீபாவளிக்குத் தியேட்டரில் அந்தக் காட்சிக்கு எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு விசிலடிக்க வராது. கை சிவக்கத் தட்டினேன்.

அப்படி விழுந்தவர்களில் ஒரே ஒருவருடைய முகமாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. எத்தனை பேர் என்று கூடச் சொல்ல முடியாது. விழுந்த நொடியோடு அவர்கள் சட்டகத்தை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் சண்டையை ரசிக்க முடியாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சண்டைப் படம் என்கிற வடிவத்தின் இலக்கணம் அது. முதல் ஆள் விழுந்த இடத்தில் கண் நின்றுவிட்டால் இரண்டாவது ஆள் வருவதைப் பார்க்க முடியாது. ஓட்டம் நின்றுவிடும். ஒரு சின்ன வேலையை முடிக்க மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு, நாலாவது ஆளின் மெயிலுக்குக் காத்திருக்கிற வாழ்க்கையில், ஒரு கை ஓங்கி ஒரே நொடியில் நியாயம் கிடைப்பதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைக் கேவலமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. எம்ஜிஆர் கம்பு சுற்றியபோது தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வெறும் கம்பாக இருந்திருக்காது.

கேள்வி வேறு. அந்த ஆறுதலுக்கு ஒரு விலை இருக்கிறதா? இருந்தால், அதை யார் கொடுக்கிறார்கள்?

*

நாவலூரில், ஓஎம்ஆரிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். மூவருமே மென்பொருள் வேலை. ஒருவன் சாத்தூர்க்காரன், சுத்தமான ஆக்‌ஷன் வெறியன். ‘விக்ரம்’ வந்தபோது பக்கத்து ஏஜிஎஸ்ஸில் நாலு தடவை பார்த்தவன். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரே அளவுகோல்தான்: “ஃபைட் எப்படி?”

ஒரு சனிக்கிழமை ராத்திரி அவனாகவே கேட்டான். “மாப்ள, நீங்கல்லாம் இருட்டுப் படம் இருட்டுப் படம்னு பெருசா பேசுறீங்களே, ஒன்னு போடு. பாத்துட்டுச் சொல்றேன்.”

நான் தேர்ந்தெடுத்தது மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’. 2013 செப்டம்பரில் வெளிவந்தது. பாட்டு கிடையாது. டைட்டிலில் இளையராஜாவின் பெயருக்கு நேராகப் பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்று போட்ட படம். அவனுக்காக அதை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் உயிராக நினைக்கும் ‘கைதி’க்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு ஒற்றுமை. இரண்டும் ராத்திரியில் ஓடுகிற படங்கள். இரண்டிலும் பாட்டு இல்லை, காதல் இல்லை. இரண்டிலும் கையில் ரத்தக்கறை உள்ள ஒரு மனிதன், அவன் காப்பாற்றியாக வேண்டிய சில உயிர்கள், ஒரு சின்னப் பெண். ‘கைதி’ பிடித்தவனுக்கு இது ஏன் பிடிக்கக் கூடாது?

பிடிக்கவில்லை. முதல் அரை மணி நேரத்தில் அவன் சொன்னவை: “டிவில பிரைட்னஸ் ஏத்து.” “இவங்க ஏன்டா தரையப் பாத்துட்டே நிக்கிறாங்க?” “கேமராமேன் தூங்கிட்டானா? காலையே காட்டிட்டு இருக்கான்.” சண்டை வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். அது அவன் எதிர்பார்த்த மாதிரி கொண்டாட்டமாக வரவில்லை. மறுபடி சாய்ந்துகொண்டான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேச்சில்லாமல் பார்த்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

*

அவனுடைய எரிச்சல் புதிதில்லை. அதற்குத் தமிழில் எழுபது வருட வரலாறு இருக்கிறது. 1954 ஏப்ரலில் ஏவிஎம் ‘அந்த நாள்’ படத்தை வெளியிட்டது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை பாலசந்தர் என்று உலகம் கொண்டாடிய அதே மேதை. சங்கீதத்தையே மூச்சாகக் கொண்ட ஒருவர், பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார். 1943இல் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் கதை தொடங்குகிறது. தொடங்கியதுமே ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். கதாநாயகன் முதல் காட்சியிலேயே பிணம். ரேடியோ எஞ்சினியரான அவரை யார் கொன்றார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வதுதான் மிச்சப் படம்.

பத்திரிகைகள் பாராட்டின, கூட்டம் வரவில்லை. பாட்டு எங்கே என்று அரங்கில் குரல் எழுப்பினார்கள் என்பது சினிமாக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ‘காலையே காட்டிட்டு இருக்கான்’ என்ற சாத்தூர்க்காரனின் குரலும் அதுவும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பழக்கமில்லாததால் வரும் எரிச்சல் என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். பத்து இருட்டுப் படம் பார்த்தால் கண் பழகிவிடும், ரசனை உயர்ந்துவிடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘அந்த நாள்’ என்ன செய்கிறது? ஒரே ஒரு ஆள் விழுகிறான். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் படம் அவனைச் சுற்றியே நிற்கிறது. இவன் யார், இவனால் யாருக்கு வலித்தது, இவன் போனதில் யாருக்கு நஷ்டம்? விழுந்தவனைத் தாண்டிப் போக நம்மை விடுவதில்லை. சண்டைப் பட ரசிகனுக்கு எரிச்சல் வருவது அங்கேதான். வெளிச்சக் குறைவெல்லாம் அதற்கு அப்புறம்.

*

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தில் ஆயிரக்கணக்கான பொருட்களை உருவாக்கிக்கொண்டே போகும். அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? விதி எளிமையானது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து அந்தப் பொருளுக்கு ஏதாவது ஒரு வழி இருந்தால் அது இருக்கும். ஒரு வழியும் இல்லையென்றால் ‘கார்பேஜ் கலெக்டர்’ வந்து பெருக்கித் தள்ளிவிடும். யாரும் சுட்டிக்காட்டாத பொருள் இருந்தும் இல்லாததுதான்.

சண்டைப் படத்தில் விழுகிறவன் அப்படிப்பட்ட பொருள். அவனுக்கு அம்மா கிடையாது, வீட்டில் காத்திருக்கும் ஆள் கிடையாது, பெயர் கிடையாது. கதையில் யாரும் அவனைச் சுட்டுவதில்லை. அதனால் அவன் விழுந்ததும் படம் அவனைப் பெருக்கித் தள்ளிவிடுகிறது.

‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. அந்த ஓநாய் கூலிக்குக் கொலை செய்தவன். ஒரு தடவை, கொல்ல வேண்டியவனுக்குப் பதில் சம்பந்தமே இல்லாத ஒரு பையன் சாகிறான். அவன் பார்வையற்ற ஒரு குடும்பத்தின் பிள்ளை. ஓநாய் தொழிலை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிறான். நாம் பார்க்கிற அந்த ராத்திரி முழுக்க நடப்பதெல்லாம் என்றோ விழுந்த அந்த ஒருவனுக்காகத்தான். இடுகாட்டில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்லும் விலங்குக் கதையாக அவன் தன் கதையைச் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா நகரவே நகராது. அவனுக்கும் தப்பிக்க வழியில்லை, நமக்கும் இல்லை.

அப்படியென்றால் சண்டைப் படம் மறக்கும், இருட்டுப் படம் நினைவில் வைக்கும் என்று கோடு போட்டுவிடலாமா? முடியாது. ஜான் வூவின் ‘தி கில்லர்’ (1989) உலகம் கொண்டாடும் ஆக்‌ஷன் படம். துப்பாக்கிச் சண்டையை நடனமாக்கிய படம். அதன் கதை என்ன? ஒரு கூலிக்கொலைகாரன் சுடும்போது அங்கிருந்த பாடகியின் கண் போய்விடுகிறது. அவள் பார்வையைத் திருப்பித் தருவதற்காக அவன் கடைசியாக ஒரு வேலையை ஒப்புக்கொள்கிறான். ஓநாய்க்கும் இவனுக்கும் ஒரே நோய். ஆனால், அவள் ஒருத்தியின் கண்ணுக்காகத் துடிக்கும் அதே படத்தில், பெயரில்லாத கூட்டம் ஒன்று சுடப்பட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்காக யாரும் துடிப்பதில்லை. ‘கைதி’யும் அப்படித்தான். மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவதுதான் கதை. விழுந்த ஒவ்வொருவரும் முக்கியம் என்று சொல்கிற படம்தான், முடிவில் விழுகிறவர்களை எண்ணாமல் விடுகிறது.

ஆக, கோடு இரண்டு வகைப் படங்களுக்கு நடுவே இல்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் இருக்கிறது. யார் ஆள், யார் வெறும் எண்ணிக்கை என்பதைக் கேமரா முடிவு செய்யும் இடம் அது.

*

போர்ப் பாட்டு நமக்குப் புதிதில்லை. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவதற்கென்றே பரணி என்று ஓர் இலக்கிய வகை வைத்திருந்த மொழி இது. எண்ணிக்கையில் இன்றைய மாஸ் படங்கள் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’யில் போர் முடிந்ததும் என்ன நடக்கிறது? வெற்றி விழாவோடு திரை விழுவதில்லை. பேய்கள் களத்தில் இறங்கி, செத்த உடல்களைக் கொண்டே கூழ் காய்ச்சுகின்றன, பந்தி போட்டுக் குடிக்கின்றன. கொடூரமான நகைச்சுவைதான். ஆனால் ஒரு நேர்மை அதில் இருக்கிறது. உடல்கள் எங்கேயும் போகவில்லை. வெற்றியைக் கொண்டாடும் பாட்டு, அந்த வெற்றி என்னவெல்லாம் மிச்சம் வைத்தது என்று நெடுநேரம் காட்டிவிட்டுத்தான் முடிகிறது.

இன்னொரு பக்கம் நடுகற்கள். மாமல்லபுரத்தில் நாம் சுற்றுலா போய்ப் பார்க்கும் குகைகளையும் கோயில்களையும் எழுப்பியவர்கள் பல்லவ அரசர்கள். அதே பல்லவர் காலத்தில், மகேந்திரவர்மனின் ஆட்சியில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஊர்க்காரர்கள் ஒரு சின்னக் கல்லை நட்டார்கள். மாடு பிடிக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல். அவன் உருவத்தின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது.

எனக்கு இது தீராத ஆச்சரியம். 7ஆம் நூற்றாண்டில் ஒரு மாட்டுச் சண்டையில் நின்ற நாயின் பெயர் நமக்குத் தெரியும். கல்லில் இருக்கிறது. போன மாதம் பார்த்த படத்தில், நாயகனின் கையால் விழுந்த இருபத்தெட்டாவது மனிதனின் பெயர் அந்தப் படத்தின் கதாசிரியருக்கே தெரியாது.

நடுகல் நட்டவர்கள் அகிம்சாவாதிகள் கிடையாது. அடுத்த மாடுபிடிச் சண்டைக்கும் அவர்கள் போயிருப்பார்கள். ஆனால் விழுந்தால் பெயர் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு கடமையாக இருந்தது. சண்டையை ரசிப்பதும் விழுந்தவனைச் சுட்டுவதும் ஒரே ஊரில் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

*

இந்த இடத்தில் இருட்டுப் பட ரசிகர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அதாவது, என்னைப் போன்றவர்களைப் பற்றி. நமக்கு ஒரு மிதப்பு உண்டு. மெதுவான படத்தைப் பொறுமையாகப் பார்த்து, முடிவில் கனத்த மனதோடு எழுந்தால், நாம் கொஞ்சம் நல்லவர்கள் ஆகிவிட்டோம் என்று ஒரு நினைப்பு. ‘அவனுங்கெல்லாம் விசிலடிக்கிறவனுங்க, நாம உணர்றவங்க.’

சாத்தூர்க்காரன் பேச்சில்லாமல் பார்த்த இடத்துக்கு வருகிறேன். படத்தின் ஆரம்பம். ரோட்டில் ஒருவன் குண்டடி பட்டு ரத்தத்தில் கிடக்கிறான். மருத்துவ மாணவன் ஒருவன் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். போலீஸ் கேஸ் என்று சேர்க்க மறுக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய், தானே ஆபரேஷன் செய்கிறான்.

படம் முடிந்து ரொம்ப நேரம் கழித்து, பால்கனியில் நின்றுகொண்டிருந்தபோது சொன்னான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் வழியில், ஓஎம்ஆரில் ஒரு டெலிவரிப் பையன் அடிபட்டுக் கிடந்திருக்கிறான். வண்டிகள் வேகம் குறைத்து, பார்த்து, விலகிப் போயிருக்கின்றன. இவன் ஒரு ஆட்டோவை மறித்து, அந்தப் பையனை மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். முதலில் போன இடத்தில் “நீங்க யாரு? சொந்தமா? போலீஸ்ல சொல்லிட்டீங்களா?” என்று நிற்க வைத்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில்தான் உள்ளே எடுத்தார்கள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சட்டையெல்லாம் ரத்தம். ரூமுக்கு வந்துட்டேன். அவன் பொழச்சானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது மாப்ள. பேரு கூடக் கேட்டுக்கல.”

விசிலடிக்கிறவன் அவன். ஒரு இருட்டுப் படம்கூடப் பார்க்காமல், எந்த நடுகல்லையும் அறியாமல், வண்டியை மறித்தவன் அவன். ரசனை மனிதனை நல்லவனாக்கும் என்ற கோட்பாட்டை அந்தப் பால்கனியிலேயே கீழே போட்டுவிட வேண்டியதுதான்.

சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. அடிபட்டு வருகிறவருக்கு உடனே சிகிச்சை கொடுப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குத் தடையாகக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989இல். உதவ வருகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு அதே நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென்று 134ஏ என ஒரு பிரிவு வந்தது. ஓநாய் படம் வந்த 2013இல், முதல் தீர்ப்புக்கு வயது 24. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்த யாரும் ‘இதெல்லாம் நடக்காது’ என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அப்படியானால் இருட்டுப் படத்தால் அவனுக்கு என்னதான் கிடைத்தது? நல்லவனாக இருக்க அது அவனுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்த ராத்திரியை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எனக்கே தெரியாது. அவன் தினமும் பார்க்கிற படங்களில் அந்தப் பையனுக்கு இடமில்லை. அவற்றில் விழுந்தவர்கள் பெருக்கித் தள்ளப்படுகிறார்கள், அல்லது நாயகன் காப்பாற்றிவிடுகிறான். பிழைத்தானா என்று தெரியாமலே விட்டுப்போன ஒருவனை அங்கே எங்கே வைப்பது? இந்தப் படத்தில், விழுந்த ஒருவனை விட முடியாமல் ஒருவன் ராத்திரி முழுக்க அலைகிறான். மொத்தப் படமும் சலிப்பாக இருந்தும், அந்த ஒரு விஷயம் அவனுக்குப் புரிந்தது. என்னைவிட நன்றாகப் புரிந்தது.

*

படம் அவனைக் கலைப்பட ரசிகனாக மாற்றிவிடவில்லை. “ஒரு தடவ பாக்கலாம். ரெண்டாவது தடவ என்னால முடியாது” என்பதுதான் அவன் தீர்ப்பு. நியாயமான தீர்ப்பு. சில படங்களை ஒரு தடவை பார்ப்பதே போதும்.

முதலில் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த ஆறுதலுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? கதைக்குள் பெயரில்லாத அடியாட்கள் என்று சொல்லலாம். அவர்கள் கற்பனை, அவர்களுக்கு வலிக்காது. ஆனால் திரையில் விழுகிற ஒவ்வொரு உடலுக்குள்ளும் நிஜமாகவே விழுந்த ஒருவர் இருக்கிறார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுகிறவருக்கு, கதையில் பெயர் இல்லாவிட்டாலும் ரேஷன் கார்டில் உண்டு. 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த பா. ரஞ்சித்தின் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில், கார் பறந்து கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் பெயர் எஸ். எம். ராஜு. பல வருடங்களாக ஒவ்வொரு படத்திலும் நமக்காகக் கவிழ்ந்து, எழுந்து, அடுத்த படத்துக்குப் போனவர். இறந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயர் தெரிய வந்தது.

சண்டைப் படம் பார்ப்பதை நான் விடப்போவதில்லை. அடுத்த தீபாவளிக்கும் முதல் நாள் டிக்கெட் எடுப்போம், அவன் விசிலடிப்பான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சண்டைக் கலைஞர்களின் பட்டியல் சின்ன எழுத்தில், வேகமாக, மூன்று பத்தியாக மேலே போகும். அதற்குள் பாதி அரங்கு காலியாகியிருக்கும், பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும் அவசரம். அந்தப் பட்டியலை முழுசாகப் படித்துவிட முடியாது. ஒரு பெயரைப் படிக்கலாம்.